அடங்கல்ல எழுதிட்டா வெள்ளாமை ஆயிருமா மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. கல்யாணக் கவலைன்னு உங்கத்தை நெனைக்கறா. உனக்கு அதெல்லாம் எங்கே? ஓடிக்கிட்டிருக்கற லினக்ஸ் கெர்னலோட டிவைஸ் ட்ரீயை, மெசினை நிறுத்தாமயே மாத்திக் காட்டறேன்னு ஆபீசுல சவடால் விட்டுட்டு வந்திருக்கறே. மாத்து சாமி, மாத்து. படிச்ச புள்ளைக எதையாவது மாத்திக்கிட்டேதான் இருக்கோணும். இல்லாட்டி சம்பளம் எதுக்குக் கொடுக்கறாங்க?

மாமனுக்கு மாட்டைப் பிடிச்சுக் கட்டத்தான் தெரியும்னு நெனைக்காதே. மில்லுல கண்ட்ரோல் போர்டு பார்த்து ரிடையர் ஆனவன். மாட்டுக்குத் தண்ணி காட்டின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உங்க கெர்னல் டாகுமெண்டேசனைத்தான் படிச்சுக்கிட்டிருக்கறேன். உங்கத்தை பார்க்கற சீரியலை விட அதுல சண்டை சாஸ்தி.

மொதல்ல இதைச் சொல்லு. டிவைஸ் ட்ரீன்னா என்ன? 'நோடு, ப்ராபர்ட்டி'ன்னு இங்கிலீசுல ஆரம்பிச்சிராதே, நானே சொல்றேன். நம்மூரு மணியகாரரு கையில அடங்கல் இருக்குதல்ல, அதுதான். இன்ன சர்வே நம்பர்ல இத்தனை ஏக்கரா, கேணி ஒண்ணு, தென்னை இத்தனைன்னு எழுதியிருக்கும். அவரு சாவடியில உக்காந்துக்கிட்டு ஏட்டைப் புரட்டுவாரே தவிர, தோட்டத்துக்கு வந்து தென்னையை எண்ண மாட்டாரு. கெர்னலும் அதே சாதி. யுஎஸ்பி, பிசிஐ மாதிரி பஸ்ஸுல மாட்டின சாமான் 'நான் இன்னாரு, இன்ன கம்பெனி'ன்னு தானா வாயைத் தொறந்து சொல்லிரும். ஐ-டூ-சி, எஸ்பிஐல மாட்டின சிப்புக்கு அந்தப் பழக்கம் கெடையாது. கம்பியில ஒட்டிக்கிட்டு கம்முனு கெடக்கும். ஐ-டூ-சின்னா எவனாவது அதோட அட்ரஸைச் சொல்லி, எஸ்பிஐன்னா அதுக்குன்னு இருக்கற செலக்ட் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டாத்தான் பேசும். அந்த அட்ரஸு, எந்த பின்னு, எந்த இன்டரப்டு, எந்த க்ளாக்குன்னு எல்லாத்தையும் எழுதி வெச்ச ஏடுதான் ட்ரீ. ஏட்டுல இல்லாத சிப்பு, போர்டுல ஈயம் வெச்சுப் பத்தவெச்சே கெடந்தாலும் கெர்னலுக்குக் கெடையாது.

இது நேத்து மொளைச்ச ஏற்பாடுமில்லை. சன் கம்பெனியில மிட்ச் பிராட்லி எழுதின ஓப்பன் ஃபர்ம்வேர்ல இருந்து வந்தது. 1994ல ஐஇஇஇ 1275ன்னு அதுக்கு நம்பரே கொடுத்துட்டாங்க. ஆப்பிளோட பழைய பவர்பிசி மேக், ஐபிஎம் பவர் சர்வர், எல்லாம் இந்த வழிதான். அவ்வளவு பெரிய ஃபர்ம்வேரு வெச்சுக்க வசதியில்லாத சின்ன போர்டுகளுக்கு, மரத்தைத் தட்டையா அமுக்கி ஒரே ஃபைலாக்கிக் கெர்னல் கையில கொடுக்கற வழக்கம் 2005 வாக்குல வந்தது. அந்த ஃபைலோட தலையில இருக்கற நாலு பைட்டைப் பதினாறடிமானத்துல பார்த்தீன்னா 'டூட்ஃபீட்'னு படிக்கலாம். கெர்னல்காரங்களுக்கும் குசும்பு இருக்குது மாப்ளே, நம்ம ஜில்லாவுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கலை.

ஆர்ம் பக்கம் இந்த ஏடு இல்லாமத்தான் ரொம்ப நாளு பொழைப்பு ஓடுச்சு. போர்டுக்கு ஒரு சி ஃபைலு. 'இந்த போர்டுல இன்ன சிப்பு இருக்குது'ங்கற சமாச்சாரத்தையே ப்ரோக்ராமா எழுதிக் கெர்னலுக்குள்ள திணிச்சாங்க. ஊருல இருக்கற போர்டு கம்பெனியெல்லாம் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கியாந்து போட, 2011 மார்ச்சுல லினஸ் டோர்வால்ட்ஸு ஆர்ம்காரங்களைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. அவரு சொன்ன வார்த்தையை உங்கத்தை பக்கத்துல இருக்கறப்ப சொல்ல முடியாது. அதுக்கப்பறம்தான் ஆர்ம்காரங்க மளமளன்னு டிவைஸ் ட்ரீக்கு மாறினாங்க.

சரி, பூட் ஆகறப்ப ஒருக்கா படிச்சுக்கற ஏட்டை நடுவுல எதுக்குத் திருத்தோணும்? உன்னாட்டம் சவடாலுக்கு இல்லை, நெசமாவே தேவைப்பட்டவங்க இருந்தாங்க. ஐபிஎம் பவர் மெசின்ல ஒரே பெரிய பெட்டியைப் பாகப்பிரிவினை பண்ணி, பாகத்துக்கு ஒரு லினக்ஸ் ஓட்டுவாங்க. ஓடிக்கிட்டிருக்கற பாகத்துக்கு ஒரு சிபியூவை சேர்த்துக் கொடுக்கலாம், கொஞ்சம் மெமரியைப் புடுங்கிக்கலாம். அப்ப ஃபர்ம்வேரு புது நோடோட விவரத்தைக் கொடுக்கும், கெர்னல் ஓடற மரத்துலயே அதை ஒட்டிக்கும். பேங்கு கணக்கு ஓடிக்கிட்டிருக்கற மெசினை, ஒரு சிபியூ சேர்க்கறதுக்கோசரம் நிறுத்த முடியுமா? அது ஞாயம்.

அடுத்தது பீகிள்போன். 2013 ஏப்ரல்ல பீகிள்போன் பிளாக்னு ஒரு போர்டு, 3.8 கெர்னலோட வந்தது. அதுக்கு மேல கேப்னு துணை போர்டுகளை அடுக்கலாம், நாலு வரைக்கும். ஒவ்வொரு கேப்லயும் ஒரு குட்டி ஈப்ராம், பதினாறடிமானத்துல 54ல இருந்து 57க்குள்ள ஒரு அட்ரஸு. அதுக்குள்ள 'நான் இன்ன கேப்'னு எழுதியிருக்கும். அதைப் படிச்சு, அதுக்குத் தக்கன ஒரு துண்டு ட்ரீயை எடுத்து ஓடற ட்ரீ மேல ஒட்டற வேலையை பான்டெலிஸ் அன்டோனியூங்கறவரு எழுதினாரு. அந்தத் துண்டுக்குப் பேருதான் ஓவர்லே. நம்ம ஏட்டுக் கணக்குல சொன்னா உட்பிரிவு போடறது. 2015ல வந்த 3.19ல அது மெயின் கெர்னலுக்குள்ளயே சேர்ந்துருச்சு.

பீகிள்போன்ல ஸ்லாட்ஸ்னு ஒரு ஃபைலு இருக்கும். அதுல பேரை எக்கோ பண்ணினா ஓவர்லே ஒட்டிக்கும். அதே ஃபைல்ல மைனஸ் குறி போட்டு நம்பரை எழுதினாக் கழண்டுக்கோணும். ஒட்டறது ஒழுங்கா நடந்தது. கழட்டறப்பத்தான், அந்தக் காலத்து 3.8ல, கெர்னல் பேனிக்காகி மெசினே மல்லாந்த கதை நெறைய. இங்கதான் மாப்ளே, நீ காதைக் கொடுத்துக் கேக்கோணும். செல்லை அக்கட்ட வை.

ஓவர்லே ஒட்டறது எப்படின்னு பார்த்துரலாம். துண்டுக்குள்ள ஒவ்வொரு ஃப்ராக்மெண்டுக்கும் ஒரு டார்கெட்டு இருக்கும், மரத்துல எந்தக் கொப்புல ஒட்டோணும்னு. 'ஐ2சி1'னு லேபிளைச் சொல்லி ஒட்டோணும்னா, அந்த லேபிளு மூல ட்ரீயில உசுரோட இருக்கோணும். சாதாரணமா கம்பைல் பண்ணினா லேபிளெல்லாம் காணாமப் போயிரும். டிடிசிங்கற ட்ரீ கம்பைலருக்கு -@ போட்டாத்தான் சிம்பல்ஸ்னு தனியா ஒரு நோடுல எழுதி வெக்கும். உன்ற போர்டுக்கு ட்ரீ கொடுத்தவன் அதைப் போடாம விட்டிருந்தா, நீ எத்தனை ராத்திரி முழிச்சாலும் லேபிளு சிக்காது. இன்னொண்ணு, நோடுக்கு நோடு காட்டிக்கறதுக்கு பிஹேண்டில்னு ஒரு நம்பரு. உன்ற துண்டுல 1, 2ன்னு போட்டிருப்பே, மூல ட்ரீயிலயும் 1, 2 இருக்கும். கெர்னல் என்ன பண்ணுதுன்னா, ஓடற மரத்துல இருக்கற பெரிய நம்பரு எதுன்னு பார்த்து, உன்ற நம்பரையெல்லாம் அதுக்கு மேல தள்ளி எழுதிக்குது. நம்ம தாலுகா ஆபீசுல இந்த வெவரம் இருந்திருந்தா, எனக்கும் பங்காளிக்கும் பத்து வருசக் கேசே வந்திருக்காது.

ஒட்டினதுக்கப்பறம் கெர்னல் 'மரத்துல ஒரு நோடு சேர்ந்திருக்குது'ன்னு சேதி சொல்லும். ஐ-டூ-சி, எஸ்பிஐ, பிளாட்ஃபார்ம் பஸ்ஸுக்காரங்க காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க. கேட்டதும் டிவைஸை உண்டாக்கி, கம்பேட்டிபிள்ங்கற சரத்தைப் பார்த்து, தோதான டிரைவரைக் கூப்பிட்டு விட்டுருவாங்க. புது நோடுன்னா, இல்லை ஸ்டேட்டஸை டிஸேபிள்ட்ல இருந்து ஓகேன்னு மாத்தினா, இது வேலை செய்யும்.

ஆனா நீ போன வாரம் போன்ல என்ன சொன்னே? ஐ-டூ-சி பஸ்ஸோட வேகத்தை ஓவர்லேல நாலு மடங்காக்கிட்டேன், ப்ராக் ஃபைல்ல பார்த்தா புது நம்பர் தெரியுது மாமான்னே. ஆமா, ஏட்டுல தெரியும். அந்த டிரைவரு ப்ரோப் ஆனப்பவே க்ளாக்கு ஃப்ரீக்வென்சியைப் படிச்சுத் தன்ற மடியில முடிஞ்சுக்கிட்டான். நீ ஏட்டுல அடிச்சுத் திருத்தினா அவனுக்கு எவன் போய்ச் சொல்லுவான்? அன்பைண்டு பண்ணி மறுக்கா பைண்டு பண்ணினாத்தான் திரும்பப் படிப்பான். அதுக்கு முந்தி ஆஸிலோஸ்கோப்பை வெச்சு எஸ்சிஎல் கம்பியைப் பாரு, பழைய வேகத்துலதான் போய்க்கிட்டிருக்கும். அடங்கல்ல நெல்லுன்னு மாத்தி எழுதினா சோளத்தட்டு தலை சாய்ச்சு நிக்குமா?

மெமரி நோடுலயும் கை வெக்கலாம்னு ஒரு ரோசனை உனக்கு ஓடுது, மூஞ்சியிலயே தெரியுது. 1 ஜிபியை 4 ஜிபின்னு ஓவர்லேல எழுதிட்டா? எழுது. பூட் ஆகற முதல் மூச்சுலயே கெர்னல் அந்த நோடைப் படிச்சு, மெமரியைப் பங்கு போட்டு முடிச்சிருச்சு. இப்ப நீ 4 ஜிபின்னு எழுதினா ஏடு மட்டும் பெருசாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்காகாதுன்னு உங்கம்மா சொல்லியிருப்பாளே.

இனி கழட்டற சமாச்சாரம். ஓவர்லேவை ஒட்டறப்ப கெர்னல் ஒரு எச்சரிக்கை போடும், நீ டிமெஸ்ஜில பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி போயிருப்பே. 'இதைக் கழட்டினா இந்த ப்ராபர்ட்டியில மெமரி ஒழுகும்'னு. ஒட்டறப்பவே கழட்டற நாளைப் பத்திச் சொல்லுது பாரு, அதுதான் வெவரமானவன் பேச்சு. ஏன் ஒழுகுது? நோடுக்கு ஒரு கணக்கு இருக்குது. இத்தனை பேரு புடிச்சுக்கிட்டிருக்கறாங்கன்னு எண்ணி வெச்சிருக்கும். எடுக்கறவன் கெட்டு, விடறவன் புட்டு. ப்ராபர்ட்டிக்கு அந்தக் கணக்குக் கெடையாது. டிரைவரு வந்து 'அந்த வரியைக் காட்டு'ன்னு கேட்டா, கெர்னல் நகல் கொடுக்கறதில்லை, பாய்ன்டரையே கையில கொடுத்து அனுப்பிருது. வாங்கிட்டுப் போனவன் யாரு, இன்னும் வெச்சிருக்கறானா, கடாசிட்டானான்னு யாருக்கும் தெரியாது. அதனால பழைய ப்ராபர்ட்டியை அழிக்கறதுக்குக் கெர்னலுக்குத் தைரியம் வராது. டெட்ப்ராப்ஸ்னு ஒரு பட்டியல்ல செத்ததையெல்லாம் கோத்து வெச்சுக்கும், கொளுத்தாது. கொளுத்தினா, பழைய பாய்ன்டரோட எவனாவது எட்டிப் பார்க்கறப்ப அந்த எடத்துல வேற எவனோ குடியிருப்பான். அப்பறம் மெசினு மல்லாந்துதான் படுக்கும்.

நோடுக்கே கணக்கு இருக்குதே, அதாவது ஒழுங்கான்னா, அதுவும் டிரைவரு எழுதினவன் ஒழுக்கத்தைப் பொறுத்தது. கெட்டு பண்ணிட்டு புட்டு பண்ண மறந்தவன் நெறைய. பூட்ல ஒட்டி பவர் ஆஃப் வரைக்கும் கழட்டவே போறதில்லைன்னா, அந்தத் தப்பு எவன் கண்ணுலயும் படாது. நீ கழட்டப் போற அன்னிக்கு, 'ரெஃப்கவுண்ட் ஒண்ணு இருக்கோணும், ரெண்டு இருக்குது'ன்னு கெர்னல் திட்டும். எப்பவோ எவனோ எழுதின கோட்டுக்கு உன்னைத்தான் திட்டும்.

அடுக்கினதைக் கழட்டறதுலயும் ஒரு மொறை இருக்குது. மூணு ஓவர்லே ஒரே நோடு மேல ஒண்ணு மேல ஒண்ணா ஏறியிருந்தா, கடைசியா ஏறினதைத்தான் முதல்ல எறக்கோணும். அடியில இருக்கறதை உருவப் பார்த்தா பிஸின்னு சொல்லி மாட்டேன்னுரும். உன்ற ஸ்க்ரிப்டுல என்ன வரிசையில கழட்டறேன்னு பார்த்துக்கோ. நான் பார்த்தேன், ஏறின வரிசையிலயேதான் எறக்கறே.

இதுக்கோசரம்தான் கெர்னல்காரங்க ஒரு கதவை இன்னும் தொறக்கலை. கெர்னலுக்குள்ள இருந்து டிரைவரு கூப்பிட்டா ஓவர்லே ஒட்டலாம். வெளியில இருந்து, கான்ஃபிக்எஃப்எஸ்ல ஒரு ஃபோல்டரை உண்டாக்கி ஃபைலைப் போட்டா ஒட்டிக்கற பேட்சு ஒண்ணு ரொம்ப வருசமா இருக்குது. ராஸ்பெர்ரி பைகாரங்க தங்கள் கெர்னல்ல வெச்சிருக்கறாங்க, அவங்க டிடிஓவர்லே கமாண்டு அதுலதான் ஓடுது. மெயின் கெர்னல்ல எடுத்துக்கலை. கழட்டறதுக்கு உத்தரவாதமில்லை, எந்தக் கொப்புல யாரு எதை எழுதலாம்னு வரம்பில்லை, லேபிளு பேரெல்லாம் காலத்துக்கும் மாத்த முடியாத வாக்குறுதியாயிரும்னு ராப் ஹெர்ரிங், ஃப்ராங்க் ரோவாண்ட் மாதிரி ட்ரீயைப் பார்த்துக்கிட்டவங்க சொன்னாங்க. பிடிவாதம்னு நீ சொல்லுவே. எனக்கு அது நல்ல பிடிவாதமாத்தான் படுது.

ஏன்னா அந்தப் பக்கம் பாரு, வேடிக்கையை. பிசிக்காரங்களுக்கு இதே வேலைக்கு ஏசிபிஐ. அங்க எஸ்எஸ்டிடின்னு துண்டு டேபிளை ஓடற கெர்னல்ல ஏத்த, 2016லயே கான்ஃபிக்எஃப்எஸ் கதவைத் தொறந்து விட்டாங்க, மெயின் கெர்னல்லயே. ஏசிபிஐ டேபிளு வெறும் ஏடு இல்லை. கெர்னல் எடுத்து ஓட்டற குட்டி ப்ரோக்ராமும் அதுக்குள்ளயே இருக்குது, அது நெனைச்ச மெமரியில எழுதும். 2020ல என்ன ஆச்சு? ரூட்டே வந்தாலும் கெர்னலைத் தொட முடியாதுன்னு லாக்டவுன் போட்டுப் பூட்டின மெசின்லயும், இந்தக் கதவு வழியா ஒரு டேபிளை ஏத்தி அந்தப் பூட்டையே தொறக்கலாம்னு ஜேசன் டோனன்ஃபெல்டு காட்டினாரு. அப்பறம் ஓடிப் போய், லாக்டவுன் இருந்தா அந்தக் கதவு தொறக்காதுன்னு மாத்தினாங்க. உன்ற பெட்டி கஸ்டமர் எடத்துக்குப் போகப் போகுது. அதுல இப்படி ஒரு கதவை நீயே பேட்சு போட்டு வெக்கறேன்னா, சாவியை எந்த ஆணியில மாட்டப் போறேன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிரு. அவருக்குப் புரியாது, ஆனா சொல்லி வெச்சது நல்லது.

எங்கயுமே ஆகாதுன்னு நான் சொல்லலை. எஃப்பிஜிஏன்னா அதுக்கு ஞாயம் இருக்குது. அங்க சிப்பே உள்ளுக்குள்ள உருவம் மாறுது. நேத்து இல்லாத ஒரு சீரியல் போர்ட்டு இன்னிக்கு அதுக்குள்ள மொளைக்கும். தோட்டமே மாறறப்ப ஏடும் கூடவே மாறித்தான் ஆகோணும். எஃப்பிஜிஏ ரீஜியன்னு கெர்னல்ல ஒரு ஏற்பாடு இருக்குது. ஓவர்லேல பிட்ஸ்ட்ரீம் ஃபைலோட பேரையும் போட்டு விட்டா, முதல்ல சிப்பை மாத்திட்டு அப்பறம் நோடுகளை முழிக்க வெக்கும். அந்த மாதிரி சோலின்னா சொல்லு, மாமனும் கூட உக்காந்து பார்க்கறேன்.

உன்ற சோலி என்ன? ஒரு டிஎஸ்3231, மணி காட்டற சிப்பு. நாலு கம்பி. இதுக்கா ஓவர்லே, ஓடற மரம், சவடால்? சிஸ்எஃப்எஸ்ல அந்த ஐ-டூ-சி பஸ்ஸுக்குள்ள நியூ டிவைஸ்னு ஒரு ஃபைலு இருக்குது. அதுல சிப்பு பேரையும் பதினாறடிமானத்துல 68ங்கற அட்ரஸையும் எக்கோ பண்ணு. ஐ2சிடிடெக்ட் கட்டத்துல 68ன்னு இருந்த எடத்துல 'யூயூ'ன்னு வந்துரும், டிரைவரு புடிச்சுக்கிட்டான்னு அர்த்தம். வேண்டாம்னா டிலீட் டிவைஸ். மரத்துல ஒரு எலை கூட அசையாது. நெரந்தரமா வேணும்னா, பை போர்டுன்னா கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி, ஃபர்ம்வேரே கெர்னலை எழுப்பறதுக்கு முந்தி ஓவர்லேவை ஒட்டிக் கொடுத்துரும். வேற போர்டுன்னா யூபூட்ங்கற பூட்லோடரு அதைப் பண்ணும். பீகிள்போன்காரங்களே பட்டுத் தெளிஞ்சு, கேப் ஓவர்லேவை யூபூட் பக்கம்தான் தள்ளி விட்டாங்க.

ஆமா, கரண்டு போய் வந்தா மணி பழையபடி ஆயிருது, ஓவர்லே சரியா ஒட்டலையாட்ட இருக்குதுன்னுதானே ராத்திரியெல்லாம் முழிச்சே? அந்த லாக்கைக் காட்டு. ட்ரீ சரியாத்தான் இருக்குது. டிரைவரும் வந்துட்டான். இந்தா, ப்ரோப் ஆனதும் ஒரு வரி போட்டிருக்கறானே, 'செட் டைம்'னு, ஆச்சரியக்குறியோட. போர்டைத் திருப்பு. சிஆர்2032 செல்லு எங்க மாப்ளே?